சந்தனம் பூசிய ரவுட்டர்

"ஹலோ… ஹலோ, வெயிலுமுத்து அண்ணாச்சியா? பிரேமலதா பேசுதேன்… ஆமா, ஆமா, நல்லா இருக்கேன். ஆயுத பூஜை வாழ்த்தெல்லாம் கெடக்கட்டும். சங்கத்துக் கூரை மேல இருந்த ரவுட்டர் எங்க?"

தாராவியில் கல்லி என்று சொல்லும் அந்தச் சந்தின் கடைசியில், வெயிலுமுத்து பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சங்கத்து அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள் பிரேமலதா. பங்கார் கடையில், பழைய சாமான் குவியலிலிருந்து எடைக்கு வாங்கிய பழைய ரவுட்டர்களுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றி, கூரைக்குக் கூரை கட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நெட்டைத் தாவவிட்டு, சந்து முழுக்கக் கொண்டுவந்தவள் அவள்தான். இன்று காலையில் நடுவில் ஒன்றைக் காணோம். அதற்கு அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் நெட் இல்லை.

"என்னது… சங்கத்து அறைக்குள்ள பூஜையில வச்சிட்டீயளா? தையல் மெஷின், தராசு வரிசையில அதுவுமா?… அரே, அது என்ன தராசா, ஒரு நாள் சும்மா கெடக்கதுக்கு!… ஆமா ஆமா, வழக்கம் எனக்கும் தெரியும். எங்க வீட்டு மிக்ஸிக்கும் பொட்டு வச்சிருக்கேன். மிக்ஸி நின்னா சட்னிதான் இல்ல. இது நின்னா பாதி கல்லியே நிக்குது!"

"…நாளைக்கா? நாளைக்கு எதுக்கு? ஒங்க மவ மாரீஸ்வரிக்கு இப்போ இன்டர்வியூ! பேச ஒக்காந்தா நெட்டே இல்ல. லேப்டாப்ப மடியில வச்சி அழுதுட்டு இருக்கா. 'கொஞ்சம் பொறுக்கோம், நெட்டு வந்ததும் வாங்க'ன்னு அந்த வாஷி கம்பெனி மேடம் போன் போட்டுச் சொல்லிருக்கா… போன் நெட்டா? நம்ம கல்லிக்குள்ள பேச்சு வாறதே பெரும்பாடு, இதுல வீடியோவா?… மெயின் ரோட்டுலயா? கொட்டுச் சத்தத்துல நின்னா இன்டர்வியூ குடுப்பா? படிப்பு முடிச்சி எத்தன கம்பெனி ஏறி எறங்கினா, தெரியாதா ஒங்களுக்கு?… தெரியும்லா? தெரிஞ்சிமா எடுத்தீய?"

பதில் நீளமாக வந்தது. பிரேமலதா குறுக்கே பேச வாயைத் திறந்தாள், மூடினாள்.

"…என்ன சொல்லுதீய? அவ பேருக்கு அர்ச்சனையா?… இன்டர்வியூ அது வழியாத்தான் போவுதுன்னு… அதுக்காவ எறக்கி… சந்தனம் வச்சி… ஐயோ அண்ணாச்சி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசனை இனி வாய்விட்டுத் திட்டவும் முடியாதே என்று கோபம்தான் இன்னும் ஏறியது.

"சரி, சாவி எங்க?… பாண்டுப்புல, தங்கச்சி வீட்டுலயா? கையோடயா கொண்டு போனீய?… நீங்க ரயிலப் பிடிச்சி வாறதுக்குள்ள அந்த மேடம் வீட்டுக்கே போயிருவா!… என்ன, தொடக்கூடாதா? மறுபூஜை ஆவாம எடுத்தா மவளுக்கு ஆவாதா? அப்போ மேடம்கிட்ட, எங்க ரவுட்டருக்கு நாளைக்குத்தான் மறுபூஜை, அப்புறம் வாறோம்னு சொல்லட்டுமா?… சும்மா இருங்க! எடுக்காட்டிதான் அவளுக்கு ஆவாது!"

"இந்தா பாருங்க, பக்கத்து வீட்டு உமைரா சுத்தியலோட நிக்கா. எல்லாரு வீட்டுச் சுத்தியலும் பொட்டு வச்சிக்கிட்டு சாமி முன்னால ஒக்காந்திருக்கு, அவ வீட்டுலதான் ஒண்ணு கெடச்சிது. பூட்ட ஒடைக்கப் போறோம். பாவம்னு ஒண்ணு வந்தா என் தலையில வரட்டும்… ஹலோ?… அண்ணாச்சி?… லைன்ல இருக்கீயளா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"…என்ன? சத்தமா சொல்லுங்க… நெசமாவா? ஒடைக்கவா சொல்லுதீய?… சரி… சரி. பாவம் ஒங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்… ஏன் அழுதீய? நல்ல நாளும் அதுவுமா… தட்டுல இருக்க திருநீறா? பூசிவிடுதேன், அவ நெத்தியில நானே பூசிவிடுதேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி, அடுத்த வருசம் சந்தனத்த ஒங்க மவளுக்கு வையுங்க. ரவுட்டர் மூஞ்சியில வச்சீயன்னா நடக்கதே வேற!… ஏட்டி உமைரா, போடு!"

முதல் அடி பூட்டில் விழுந்ததும் அவள் போனைக் கட் செய்தாள்.