வெறும் வயித்து மாத்திர

இல்லண்ணே, நீங்க உக்காருங்க. உங்க ஊட்டம்மா சோதனைக்கு ரத்தம் குடுத்துட்டு வர எப்பிடியும் அரமணித்தியாலம் ஆகும். ஏழாம் நம்பருதானே? எங்க ஊட்டுக்காரி பதினொண்ணு. அந்தா, சன்னல் ஓரமா நீலச் சேல. வர்ற வழியில ஆமிக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி ஐடி பாத்தாங்க, அதுல பிந்திருச்சு.

கேக்குறேன்னு தப்பா எடுக்காதீங்க. கையில ரெண்டு உறை வச்சிருக்கீங்களே, ஒண்ணு தைரொயிட்டுக்குக் குடுக்குற தைரொக்சின். மத்தது இரும்புச் சத்து மாத்திரதானே? எப்பக் குடுக்குறீங்க?

ரெண்டையும் ஒண்ணாவா?

தேத்தண்ணியோடயா?

சரி. நான் ஒரு கத சொல்றேன். இல்ல, கத இல்லண்ணே, எங்க ஊட்டுல நடந்தது. கொடகவெலைக்கு மேல எங்க தேயிலத் தோட்டம். நான் பெக்டரியில ரோலர்ல வேல. சுரேந்திரன்னு பேரு.

ஊட்டுக்காரி பேரு ஜீவராணி. எங்க லயத்து வரிச ஊடுகள்லயே வேகமா நடக்குறவ அவதான். மத்தவங்க மலையேறித் தேயில நெரைக்குப் போய்ச் சேர முந்தி இவ கூடையில ரெண்டு கிலோ கொழுந்து கெடக்கும். ரெண்டாயிரத்தொண்ணுல சின்னவ பொறந்தா. அதுக்கப்புறம்தான், மெல்ல மெல்ல. மத்தியான வெயில்ல நின்னுக்கிட்டுக் குளுருதும்பா. மொகம் ஊதிருச்சு. சீப்புல கொத்துக் கொத்தா முடி. பதினெட்டுக் கிலோ எடுத்தவ பத்துக்கு எறங்கிட்டா, கங்காணி அரைப்பேரு போட்டாரு, அரநாள் கூலிதான். எல்லாத்தையும் விட கொரலுதாண்ணே. தடிச்சு, இழுத்து இழுத்து. ஒருநாள் பின்னால இருந்து என்னையக் கூப்புட்டா. யாரோ ஆம்பளன்னு திரும்புனேன்.

லயத்துல சும்மா இருப்பாங்களா? தண்ணி புடிக்கிற பீலிக்கரையில செத்துப்போன இருளாயி இவ மேல எறங்கிட்டான்னு பேச்சு. நானும் நம்புனேன். பேயோட்டுற கட்டாடிய வச்சு எலுமிச்சம்பழம் வெட்டி நூல் கட்டுனோம். நீ யாரு, எங்கருந்து வந்தேன்னு அவரு கேக்குறாரு. இவ, குளுருது சாமி, ஒரு போர்வ குடுங்கங்குறா.

கடைசியா தோட்டத்து மருந்தையாதான் கழுத்தத் தொட்டுப் பாத்துட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்தாரு. ரத்தம் சோதிச்சா, டீஎஸ்எச் அறுவத்தெட்டு. அஞ்சுக்குள்ள இருக்கணுமாம். ஒடம்புல ரத்தமும் கொறவு. அதுக்குத்தான் இந்த ரெண்டு மாத்திரையும்.

அந்த நோவுல மறதி வருமில்ல, அதனால மருந்த நானே குடுத்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு அடுப்ப மூட்டி, பால்மா கரச்சு, பெக்டரித் தூள்ல நல்ல சாயமா ஒரு தேத்தண்ணி. ரெண்டு மாத்திரையையும் அவ உள்ளங்கையில வைப்பேன். சுரேந்திரன் மாதிரி ஒருத்தன் கெடைக்கணும்னு லயத்துப் பொம்பளைங்க சொல்லுவாங்க. எனக்கும் பெருமதான், இல்லேங்கல.

ஆறு கெழம கழிச்சுப் பாத்தா அறுவத்தஞ்சு. மாத்திர அளவ அம்பதுல இருந்து நூறாக்குனாங்க. அறுவத்திமூணு. நூத்தம்பதாக்குனாங்க. அம்பத்தெட்டு. டாக்டர் மாத்தியா கிளினிக் கொப்பிய மேசையில போட்டுட்டாரு. இவ்வளவு மருந்துக்கு எறங்காம இருக்காது, நீ குடிக்கிறதில்ல, பொரு கியன்ன எபான்னாரு. பொய் சொல்லாதன்னு.

அவ என் பக்கம் திரும்புனா. உங்க கையாலதானே குடிக்கிறேன், நீங்க சொல்லுங்கங்குற மாதிரி. நான் சிங்களம் நல்லாப் பேசுவேண்ணே. அன்னைக்கு ஒரு வார்த்த பேசல. எனக்கே சந்தேகம். நம்பரு பொய் சொல்லுமா? நான் அடுப்புப் பக்கம் திரும்புன நேரத்துல துப்பிர்றாளோன்னு.

பஸ்ஸுல வர்றப்பக் கேட்டா, நீங்களுமா நம்பலன்னு. சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் கவனிச்சேன். அது கெடக்கட்டும்.

ஒரு வருசம் அப்பிடிப் போச்சு. பேச்சக் கொறச்சுட்டா. ஒரு நாள் பாயச் சுருட்டாம, தலைகாணிய ஒதறி ஒதறிப் பாத்துக்கிட்டு இருக்கா. என்னத்தத் தேடுறேன்னேன். தூக்கத்துல நானே வெளிய எடுத்துர்றேனோ என்னமோ, எனக்கே தெரியலங்கன்னா. மாத்திரையத் தேடுறாண்ணே. அவ வாயி மேல அவளுக்கே நம்பிக்க இல்ல.

பெறகு அவளால நடக்க ஏலாமப் போச்சு. ஒரு கிளினிக்குக்கு நான் மட்டும் கொப்பியக் கொண்டு போனேன். புதுசா ஒரு நர்சு, ஸாஹிரான்னு, மாவனல்லைப் புள்ள. தமிழ்ல கேட்டுச்சு, அண்ணே, மாத்திரைய எதோட குடுக்கிறீங்கன்னு. ரெண்டு வருசத்துல யாரும் கேக்காத கேள்வி. நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன், நானே தேத்தண்ணி ஊத்தி, இரும்பையும் சேத்துக் குடுக்குறேன்னு.

அந்தப் புள்ள பேனாவ வச்சிருச்சு. அப்பிடிக் குடுத்தா மருந்து ஒடம்புல சேராது அண்ணே, பாலும் சாயமும் இரும்பும் அதப் புடிச்சு வச்சிரும். வெறும் வயித்துல, பச்சத்தண்ணியோட குடுங்க. ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தேத்தண்ணி. இரும்ப நாலு மணித்தியாலம் தள்ளிக் குடுங்கன்னுச்சு. உள்ளுக்குப் போய் டாக்டருகிட்டயும் பேசுச்சு. இனிமே மருந்து நல்லாச் சேரும், நூத்தம்பது கூடிரும்னு அவரு நூறா வெட்டி எழுதிட்டாரு. அடுத்த நம்பரக் கூப்புட்டாரு.

மூணு மாசத்துல நாலுக்கு வந்துருச்சுண்ணே. வீக்கம் வத்துச்சு, முடி மொளச்சுச்சு. ஒரு அந்தியில பீலியில இருந்து என்னையக் கூப்புட்டா, பழைய கொரல்ல. போட்டது போட்டபடி பீலிக்கு ஓடுனேன்.

நீங்க இன்னைக்கே மாத்திருங்க. டாக்டருகிட்டயும் சொல்லிருங்க, இதுவரைக்கும் இப்பிடித்தான் குடுத்தோம்னு. வெக்கப்படாதீங்க.

இத அவகிட்டச் சொன்னேனாவா? என்ன சொன்னாளா?

அவளுக்குத் தெரியாதுண்ணே. தேத்தண்ணிய இனிமே பிந்திக் குடின்னு டாக்டர் சொன்னாருன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு அவ கேக்கல. சொகமானப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, நீங்க கண்டிப்பா நின்னதாலதான் நான் பொழச்சேன், உங்கள ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்னு அழுதா. அப்பச் சொல்லியிருக்கலாம். நான் சரி விடுன்னுட்டேன். நீங்களும் அவகிட்டப் பேச்சுக் குடுத்தா இதச் சொல்லிறாதீங்க.

கண்டிப்புன்னா, அடிக்கல்லாம் இல்ல. மாத்திர முழுங்குனதும் வாயத் தொறன்னுவேன். நாக்கத் தூக்குன்னுவேன். லாம்பப் பக்கத்துல புடிச்சுக் கடவாய் வரைக்கும் பாப்பேன். புள்ளைங்க முழிச்சுக் கெடக்கும். அவ்வளவுதான்.

இப்ப அஞ்சு வருசமா நான் கேக்குறதே இல்லண்ணே. அவளாத்தான் தெனமும் தண்ணியக் குடிச்சிட்டு, என் பக்கம் திரும்பி, வாயத் தொறந்து நாக்கத் தூக்கிக் காட்டுறா. நானும் பாத்துட்டு, சரிங்குறேன்.