கண்ணை மூடிச் சொன்ன இருபத்தொன்பது எழுத்துகள்

ஆனி 14, காலை மணி 10.20, காற்றே இல்லாத வெயில். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ். முன்சீட்டுப் பெண்ணின் கைபேசி ஸ்பீக்கரில் அவள் அப்பா கத்தினார்.

“சரியான பாஸ்வேர்டுதான் போடறேன், கம்ப்யூட்டரு ஒன்பது தபா வெளிய தள்ளிடுச்சு! அப்ளிகேஷனுக்கு இன்னிக்குத்தான் கடைசி. வல்லத்துலேர்ந்து அப்ளிகேஷன் போட வந்த பொண்ணு நம்ம பிரவுசிங் கடையில அழுவுது.”

“கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, சேத்து அமுக்கு நைனா.”

“ஐயோ, ஸ்கிரீன் எல்லாம் கறுப்பாயிடுச்சு!”

“பயப்படாத, லினக்ஸ்ல அப்பிடித்தான். அதுலயே பேரு, பாஸ்வேர்டு அடி. டிஸ்க்குல எடமே இருக்காது, அதான் வெளிய தள்ளுது. அழிச்ச ஃபைலைக் குப்பைத்தொட்டியில இருந்து காலி பண்ணியா?”

“எவனாவது திரும்பக் கேட்டா? நாலு வருசமா வச்சிருக்கேன்.”

“நல்லா வச்ச! நான் சொல்றத மட்டும் அடி. ஒரு எடவெளி தப்புனா எல்லாமே போயிடும்.”

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எண்ணினேன். இடைவெளியோடு சேர்த்து இருபத்தொன்பது. நடத்துநர்கூடச் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

“குப்பைத்தொட்டி காலியாயிடுச்சு. இப்ப கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒண்ணு. பாஸ்வேர்டு போடு.”

“உள்ள விட்டுடுச்சும்மா! ஏ பொண்ணே, அழாத, வந்து உக்காரு.”

அப்போதுதான் வெளியே பார்த்தேன். நான் இறங்கவேண்டிய கோட்டை நிறுத்தம் எப்போதோ தாண்டிவிட்டது. திரும்பி வர ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.