ஓரத்தில் இரண்டு வரி

நான் எப்போதும் பச்சை மையில்தான் திருத்துவேன். சிவப்பைக் கண்டாலே பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளியில் இலக்கியம் நடத்துகிறேன், ஒரு பிள்ளை மேலும் கைவைத்ததில்லை. அதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியை அம்மா. நீங்கள் விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

தன் வாழ்க்கையை ஒருவர் எழுதியிருந்தால் அதை எப்படி வாசிப்பது என்பதற்கு எனக்கென்று ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு வரி. தொனி என்ன, நோக்கம் என்ன. அவ்வளவுதான். மந்தமான பிள்ளைகூட ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் ராடோயின் புத்தகத்தைப் பாடமாக வைத்தது நீங்கள். உள்ளூர்க்காரர், ரொட்டிக்கடைக்குப் பின்வீடு, நுரையீரல் போனவர் என்று சொன்னீர்கள். எனக்கு அவனைத் தெரியும். தலைநகர் சோபியாவில் படிக்கும்போது இருவரும் ஒரே அறை. அவன் எழுதி வைத்த ஒரு நோட்டுக்காக நாலு வருடம் கல்லுடைக்கும் முகாமில் கிடந்தான். அந்த நோட்டைத் திருட்டுத்தனமாக வாசித்து ரகசியப் போலீசுக்கு ஒருவன் தட்டச்சில் கொடுத்த அறிக்கையின் ஒரு பக்கம், புத்தகத்தில் படமாகவே இருக்கிறது. கீழே புனைபெயர்தான்.

வகுப்பில் எல்லோரும் தொனி கோபம், நோக்கம் பழிவாங்குவது என்றார்கள். நானும் பலகையில் அப்படியே எழுதப் போனேன். நெதெல்யா கையைத் தூக்கினாள்.

"கோபமே இல்ல சார். வாசக்கதவத் தெறந்தே வெச்சிருக்கேன்னு நாலு எடத்துல எழுதியிருக்காரு. அந்த ஆளத்தான் கூப்பிடுறாரு. வந்து 'நான்தான்டா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அவருக்கு."

"வந்தா காப்பி போட்டுக் குடுப்பாராக்கும்," என்றான் கடைசி பெஞ்சு பெட்கோ.

"குடுப்பாருடா. உனக்குத்தான் குடுக்க மாட்டாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் எழுதித் தந்த கட்டுரையில் கடைசி வரி இது: 'காட்டிக்கொடுத்தவரும் நம் சாரைப் போலவே பத்தி பத்தியாக வாசித்திருக்கிறார்.' பாராட்டாகத்தான் எழுதியிருந்தாள் என்று நினைக்கிறேன். மறுநாள், "இத ராடோய் ஐயாகிட்ட காட்டட்டுமா சார்?" என்று கேட்டாள். நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவளிடம் வேறு பிரதி கிடையாது. வீட்டு அடுப்பில் போட்டேன். ஜனவரி மாதம், நல்ல குளிர்.

அப்புறம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அவள் கட்டுரையின் பத்திகளைப் பற்றிய குறிப்போடு. வேறொருவர் எழுதியதைத் திருடினாள், கண்டித்ததற்கு என் மேல் பழி சுமத்தப் பார்க்கிறாள் என்று. முழு மதிப்பெண் ஆறு வாங்க வேண்டிய பிள்ளைக்கு, ஃபெயில் என்று இரண்டு போட்டுப் பள்ளியை விட்டே அனுப்பினீர்கள். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள் இப்போது தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறாள். போகும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் எங்க சார் தப்பா வாசிச்சேன்?"

மார்ச்சில் ராடோய் போய்ச் சேர்ந்தான். வழக்கம்போல படம் போட்ட சாவு அறிவிப்பை ரொட்டிக்கடைக் கதவில், பாப்லார் மரத்தில், நம் பள்ளிக் கேட்டில் ஒட்டினார்கள். மழையும் வெயிலும்தான் அதைக் கழற்ற வேண்டும், மனிதர் யாரும் தொடமாட்டார்கள். நான் கிழித்தேன். மறுநாள் வேறொன்று இருந்தது. நாற்பதாம் நாள் நினைவுக்குப் புதிதாக ஒட்டினார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் என்னையே பார்த்தான், சாப்பாட்டுக்கு அழைக்கிறவன் மாதிரி. எனக்குப் பயமாக இருந்தது.

"செத்தவன் மூஞ்சியப் போய்க் கிழிக்கிறீங்களே சார், உங்களுக்கு என்ன கேடு?" என்று காவலாளி டிமோ கையைப் பிடித்து உங்கள் அறைக்கு இழுத்து வந்தான். நீங்கள் திட்டவில்லை. ராடோயின் புத்தகத்தையும் என் கடிதத்தையும் அருகருகே வைத்தீர்கள்.

'மூன்றாம் பத்தி. தொனி: ஏக்கம். நோக்கம்: நாட்டின் எல்லையைத் தாண்டி ஓடுவது.' இது புத்தகத்தில் இருக்கும் அறிக்கையில்.

'கடைசிப் பத்தி. தொனி: வெறுப்பு. நோக்கம்: ஆசிரியரின் பெயரைக் கெடுப்பது.' இது என் கடிதத்தில்.

ஆமாம், இரண்டும் நான்தான். சனிக்கிழமைதோறும் அவன் குளிக்கப் போகும் நேரத்தில் அந்த நோட்டை வாசிப்பேன். யாரும் என்னை மிரட்டவில்லை. கவனமாக வாசிக்கிறாய் என்று அந்த ரகசியப் போலீஸ் அதிகாரி பாராட்டினார், அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. புத்தகம் வந்த பிறகு ராடோயின் தெருவழியே பலமுறை நடந்திருக்கிறேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவன் இருமுவது கேட்கும். நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நெதெல்யா எங்கும் தப்பாக வாசிக்கவில்லை. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பாடத்தை நானே தனியாக உட்காரவைத்து நடத்திவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் நல்லதை என்னளவுக்கு நினைக்கிறவர்கள் இந்தப் பள்ளியில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.