ஓர வரிசை

எனக்கு மரவள்ளிக் கிழங்கு அவ்வளவாகப் பிடிக்காது. வாழ்நாளில் பாதியை அதன் பின்னால் அலைந்து கழித்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரலாம். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்கிறானா என்ன? ஆராய்ச்சி நிலையத்தில் என்னைக் 'கிழங்கு சார்' என்பார்கள். பெயர் பொருத்தம்தான் என்று என் மனைவியே சொல்வாள்.

ஐயா, விசாரிக்க வந்த நீங்கள் ஓர வரிசையைப் பற்றிக் கேட்டீர்கள். சோதனை வயலில் ஓரத்துச் செடிகளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை ஊதிப் பெருத்துவிடும். நடுவில் நிற்பவைதான் தராசுக்குப் போகும். எடை போட்டு முடித்ததும் ஓரத்துக் கிழங்கைக் களையெடுக்கும் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அது வழக்கம்.

எங்கள் புது ரகம் தண்ணீரே இல்லாவிட்டாலும் கிழங்கு வைத்தது. ஆனால் இரண்டு முறை அறுவடைக்கு முன்பே யாரோ புகுந்து ஓரத்திலிருந்து நடு வரைக்கும் தோண்டிவிட்டார்கள். காவலாளி பன்றி என்றான். பன்றி கம்பியை அறுத்துக்கொண்டா வரும்? இன்னொரு முறை கணக்குக் கிடைக்காவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொன்னார். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும் என்று பயந்தேன்.

அடுத்த முறை நான்கு பக்கமும் ஓர வரிசையில் மாவு ஆலைக்குப் போகும் கசப்பு ரகத்தை நட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கசப்பு ரகத்தில் நஞ்சு அதிகம். துருவி, ஊறவைத்துப் பிழிந்தால் போகும். வெறுமனே அவித்தால் போகாது. இயக்குநரிடம் பன்றிக்காக என்றேன், தலையாட்டினார். அவசரத்தில் வருகிறவன் முதல் வரிசையைத்தான் தோண்டுவான். ஒரு தரம் வயிற்றைப் புரட்டினால் மறு தரம் வரமாட்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் வெளியே சொல்வானா?

களையெடுக்கும் பெண்களை மறந்தே போய்விட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். ஒரு நாள் மனைவி வயலைப் பார்க்க வந்தவள் ஓரத்தில் ஒரு கிழங்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். பூச்சி விழுந்தது என்று சொல்லி வாங்கி எறிந்தேன். மறந்தவன் எறிவானா?

களையெடுக்க வந்தவர்களில் அந்த அம்மாள் வேலைக்குப் புதிது. மகளுக்கு நான்கு வயது. பம்பு அறை நிழலில் உட்கார்ந்து தானாகப் பாடிக்கொண்டிருக்கும். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. மற்றவர்கள் அதுவரை பொறுத்திருப்பார்கள், இவளுக்கு அந்த முறை தெரியாது. என்னிடம் வந்து கேட்டாள்.

"சார், ஓரத்துல இருக்கறத எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. ரெண்டு கிழங்கு எடுத்துக்கவா? பாப்பாவுக்கு அவிச்சுக் குடுப்பேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணத்தைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், திருடனும் ஓரத்தைத் தாண்டி நடுவுக்குப் போய்விடுவான். இதையெல்லாம் நிதானமாகவே யோசித்தேன். பிறகு, "தாராளமா எடுத்துக்கம்மா" என்றேன்.

மறுநாள் மருத்துவமனைக்கு நானும் போனேன். வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அதற்குள் போய்விட்டிருந்தது. "கசக்குதுன்னு துப்புனா சார். நாந்தான் சக்கரையத் தூவி ஊட்டுனேன்" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் இப்போதும் அதுதான் வருகிறது. செய்த பாவத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது, ஐயா.

அதற்குப் பின் வேலிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஓர வரிசையை அறுவடை வரை நான் பிடுங்கவும் இல்லை. ரகத்துக்கு அனுமதி கிடைத்தது.

வராந்தாவில் நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "நல்லா வேக வெச்சியாம்மா?"

அன்றிலிருந்து, அரைவேக்காட்டில் ஊட்டிப் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் புருஷனும் அதையே நம்பி அவளை விட்டுப் போய்விட்டான். அவள் நன்றாகத்தான் வேக வைத்திருந்தாள், ஐயா. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே எனக்கு அது தெரியும்.