பதினொரு பெயரும் நாற்பத்து மூன்று பிள்ளைகளும்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஜனாப் தாஸிம் அவர்களே! மேடையிலுள்ள சபை உறுப்பினர்களே! துணைவியைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மக்கீன் ஹாஜியார் அவர்களே, மகள் அர்பா அவர்களே! கொம்பனித்தெருவிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் இந்த மழையையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் சண்முகலிங்கம். நமது மாநகர சபையின் கணக்காளராக இருபத்தாறு வருடம் வேலை செய்து, சென்ற வருடம் ஓய்வு பெற்றவன். கணக்காளன் என்றால் மூன்று நிமிடத்தில் பேசி இறங்கிவிடுவான் என்று நம்பித்தான் தலைவர் என் பெயரைப் பட்டியலில் சேர்த்திருப்பார். மன்னிக்க வேண்டும் தலைவரே, இன்றைக்கு நான் சுருக்கமாகப் பேச வரவில்லை.

நமது நிதிக் குழுத் தலைவி, சமாதான நீதிவான், மர்ஹூமா பைறோஸா மக்கீன் அவர்கள் நம்மை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. எனக்கு முன் பேசியவர்கள் அவர் நேர்மையானவர் என்றார்கள். உண்மை. கண்டிப்பானவர் என்றார்கள். அதுவும் உண்மை, என்னைவிட அதை அனுபவித்தவர் இந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்? ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் பாதீடு, அதாவது சபையின் வரவு செலவுத் திட்டம், நிறைவேறுவதற்கு முன், அதன் வரைவை ஏழு நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாங்களும் வைத்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதன் மேல் நூல் கட்டிய பேனை, கருத்து எழுத ஒரு கொப்பி. என்னுடைய சேவைக் காலத்தில் அந்த மேசையைத் தேடி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களிலும் பாதிப்பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள்!

பைறோஸா மெடம் நிதிக் குழுவுக்கு வந்த முதல் வருடமே, வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றில் தான் உட்கார்ந்தார். மற்றதை வெறுமையாக வைத்தார். ஏழு நாளும் உட்கார்ந்தார்! வரி கட்ட வந்தவர்களையும், தெருநாயைப் பற்றி முறையிட வந்தவர்களையும் கூப்பிட்டு இருத்தி, தமிழிலும் சிங்களத்திலும் வரைவை வாசித்துக் காட்டினார். காவலுக்கு இருக்கிறீர்களா என்று நான் பகிடி விட்டேன். “ஆள் இல்லாத மேசைக்கிட்ட யாரு ஐயா வருவா?” என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டில் வாசித்தார். நாங்கள் உள்ளே போய்ச் சிரித்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான் அதிகம் சிரித்தவன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டை யாராவது மறந்திருப்பீர்களா? பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கடைகள் பூட்டிக் கிடந்தன, சபைக்கு வரவேண்டிய வரி வரவில்லை, குப்பை லொறிகளுக்கு டீசல் இல்லை. அடுத்த வருடச் செலவில் மூன்றிலொரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எதை வெட்டலாம் என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான். அதில் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் நமது முன்பள்ளியையும் சேர்த்தேன். பிள்ளைகளின் பெயர் பதியும் இடாப்பில் பதினொரு பெயர். பதினொரு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர், ஒரு கட்டடமா? மூடலாம் என்று எழுதினேன். குழு ஒப்புக்கொண்டது. பைறோஸா மெடமும் கையெழுத்து வைத்தார். அதையும் நான் மறைக்கக் கூடாது.

அந்த வரைவு மேசைக்கு வந்த ஐந்தாம் நாள், கழிவுநீர்க் கான் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று முறையிட ஒரு தாய் வந்தார். வவுனியாவிலிருந்து வந்து அந்தத் தோட்டத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருப்பவர். மெடம் அவரைக் கதிரையில் இருத்தி வாசிக்கத் தொடங்கினார். முன்பள்ளி வந்த பக்கத்தில் அந்தத் தாய் மறித்தார். “என்ர மகளும் அங்கதான் போறவள். அவளின்ர பேர் இதில இருக்கோ?” என்று கேட்டார். இல்லை. பக்கத்து அறைப் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். அவையும் இல்லை!

அடுத்த நாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மெடம் அங்கே போனார். ஆசிரியை உஷாந்தி எங்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இடாப்பில் பெயர் ஏற வேண்டுமென்றால் வதிவிடச் சான்று வேண்டும் என்பது நமது விதி. பதிவில்லாத வாடகை அறையில் இருப்பவர்களுக்கு அதை யார் கொடுப்பார்? “பேர் எழுதினாக் கடதாசி கேப்பினம் சேர். இல்லாட்டிப் பிள்ளையை நிப்பாட்டச் சொல்லுவினம். அதுதான் எழுதாமல் விட்டனான்” என்றார் உஷாந்தி. பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்து அவர்களின் பெயரை மறைத்தார். பெயர் மறைந்ததால் பள்ளிக்கூடமே மறையப் பார்த்தது.

நான் என்ன செய்தேன்? அந்த அறையிலேயே நின்று விதி பேசினேன். ஒழுக்காற்று நடவடிக்கை என்றேன். மெடம் என்னைப் பார்த்தார். “விதியப் பொறகு பேசுவோம் ஐயா. இப்ப எண்ணுங்க” என்றார். எண்ணினேன். ஒரு பயல் ஓரிடத்தில் நிற்காமல் ஓடியதால் திரும்பவும் எண்ண வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று.

பள்ளிக்கூடம் தப்பியது. அதற்கான பணத்தை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று மெடம் பணித்தார். சபையில் காசு ஒளிந்திருக்கும் மூலைகளெல்லாம் எனக்குத்தான் தெரியுமாம்! உறுப்பினர்களுக்கு அச்சடிக்கும் டயரியையும் சுவர் நாட்காட்டியையும் நிறுத்தினோம். மேடையில் இருக்கும் சிலர் அதற்காக என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. உஷாந்தி மீது ஒரு கடிதம்கூடப் போகவில்லை. சபையில் கேள்வி எழுந்தபோது மெடம் எழுந்து நின்று, இது நிதிக் குழுவின் பிழை, தலைவி என்ற முறையில் என்னுடைய பிழை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யாருடைய பிழை? இதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன்.

அன்று முன்பள்ளி இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையால் திரும்பும்போது முச்சக்கர வண்டியில் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “வெள்ளிக்கிழமைல விபூதியோட கந்தோருக்கு வாரீங்களே ஐயா, கோயிலுக்கு இந்த ஒழுங்கையாலதானே போறீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, வேறு எவரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடம் அதைத் தன்னோடு வைத்திருந்து, கொண்டுபோய்விட்டார். மக்கீன் ஹாஜியாருக்குக்கூட இன்றுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன். மெடத்துக்குச் சமமான இன்னொரு தாயை நான் எங்கே தேடுவேன்?

விதியை மாற்ற அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறும் முன் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போயிற்று. மீண்டும் தெரிவாகி வந்தவர், அதே தீர்மானத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது நோயில் விழுந்தார். வருகிற திங்கட்கிழமை அடுத்த வருட வரைவு மக்கள் பார்வைக்கு வருகிறது. அதில் அந்த முன்பள்ளி மறுபடியும் மூடும் பட்டியலில் இருக்கிறது. இடாப்பில் இம்முறை ஒன்பது பெயராம்!

அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் சுகிர்தன் தம்பி, நீங்கள் மேடையில் இருக்கிறீர்கள், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களிடம் வந்த கடதாசியில் ஒன்பது என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்த மேசைக்கு வருவேன். ஏழு நாளும் இருப்பேன். அந்தத் தோட்டத்துத் தாய்மாரே, உங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கொண்டு வாருங்கள். கருத்துக் கொப்பியில் என் கையாலேயே எழுதுகிறேன். சான்று கேட்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். மெடம் தொடங்கிய தீர்மானம் நிறைவேறும்வரை இந்தக் கிழவன் ஓயமாட்டான்!

பைறோஸா மெடம், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. ஓம். அந்த ஒழுங்கையால்தான் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பிள்ளைகள் பாடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பதினொரு பிள்ளைகளால் அவ்வளவு சத்தம் போட முடியாது என்று தெரிந்துகொண்டுதான் பதினொன்று என்று எழுதினேன்.