மூன்று தசம் ஒன்று

2018 செப்டெம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரை மணி. கற்பிட்டியில், உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற செய்னுலாப்தீனின் வீடு. அவருக்கு வயது அறுபத்தாறு. அவருடைய மூத்த சகோதரர் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டான புற்றுநோயால் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். ஆகவே, மனைவி ஹாஜராவின் வற்புறுத்தலால், அந்நோயைத் தேடும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை அவரும் செய்துகொண்டார். முடிவு முந்தைய நாள் கிடைத்தது. நெடுநாள் நண்பரும் மீனவருமான அருளப்பு தேநீர் அருந்த வந்திருக்கிறார்.

ஹாஜரா: ...நாலுக்குக் கீழ எண்டா பயமில்லையெண்டு தாள்லயே அச்சடிச்சிரிக்கி. இவருக்கு மூணு தசம் ஒண்டு. நீங்களே பாருங்க, அருளப்பு அண்ணன்.

செய்னுலாப்தீன்: நேத்துல இருந்து வாற போற எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டுறா, மச்சான். பாண்காரனையும் விடல்ல.

ஹாஜரா: உங்கட நானா மௌத்தான நாள்ல இருந்து நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். வாசிப்பன்தான்.

அருளப்பு: மூண்டு தசம்... ஒண்டா?

செய்னுலாப்தீன்: ஏன்டா, கண்ணாடி கொண்டு வரல்லியா?

அருளப்பு: கொண்டு வந்தன்... ரத்தம் எடுக்கக்குள்ள ஏதும் கேட்டாங்களா? மருந்து கிருந்து குடிக்கிறதா எண்டு...

ஹாஜரா: கேட்டாங்க. பிரஷர் குளிசை மட்டுந்தான் எண்டு இவர் சொன்னார்.

செய்னுலாப்தீன்: தேத்தண்ணி ஆறுது. குடி.

அருளப்பு: இல்ல மச்சான், இன்னொருக்கா டொக்டர்கிட்ட...

செய்னுலாப்தீன்: குடி எண்டன்.

ஹாஜரா: அவரக் கதைக்க விடுங்க. நல்லா வந்த ரிப்போட்டத் தூக்கிக்கிட்டு எதுக்கு இன்னொருக்கா?

அருளப்பு: எனக்கும் போன மாசம் எடுத்தது, தங்கச்சி. ஒண்டு தசம் ஆறு.

செய்னுலாப்தீன்: என்ன விட ரெண்டு வயசு மூத்தவன். நம்பர் பாதிதான் வந்திரிக்கி. இதுலயும் என்ன வெல்ல வந்தியா?

அருளப்பு: நானும் அப்பிடித்தான் சிரிச்சன். டொக்டர் சிரிக்கல்ல. இது உங்கட சரியான நம்பர் இல்லையெண்டார். ஒண்டுக்குப் போறது லேசாகட்டும் எண்டு நான் ஒரு குளிசை குடிக்கிறனே... அது அந்தச் சுரப்பியச் சுருக்கிற குளிசையாம். ஆறு மாசம் குடிச்சா நம்பர் பாதியா இறங்குமாம். நோய் இருந்தாலும் இறங்குமாம். அதால ரெண்டால பெருக்கிப் பாத்தார். எனக்கு மூண்டு தசம் ரெண்டு.

ஹாஜரா: சரி. அது குளிசை குடிக்கிறவங்களுக்கு. இவருக்கென்ன? ஏன் ரெண்டு பேரும் கோப்பைக்குள்ள பாக்குறீங்க?

செய்னுலாப்தீன்: ஈ விழுந்திரிச்சி போல.

ஹாஜரா: ரெண்டு கோப்பையிலயுமா?

அருளப்பு: சொல்லு மச்சான். இல்லாட்டி நான் சொல்லுவன்.

செய்னுலாப்தீன்: என்னத்தச் சொல்ல... ராவைக்கு நாலு தரம் எழும்பினன். கிளினிக்குக்குப் போனா முன்மேசையில இரிக்கிறது யாரு? எங்கட மருமகள் ஸும்றா. மகன்ட பொஞ்சாதிக்கு முன்னால நிண்டு, 'எனக்கு ஒண்டுக்குச் சரியாப் போகுதில்ல, மகள்' எண்டு சொல்லவா நான்?

அருளப்பு: அதால, எனக்கு வாங்கக்குள்ள இவனுக்கும் சேத்து வாங்கினன். ஒரு வருசமாகுது.

ஹாஜரா: ஒரு வருசம்...

அருளப்பு: பிழைதான், தங்கச்சி. கூட்டாளிக்கு உதவி எண்டு நெனச்சன்.

ஹாஜரா: அப்ப மூணு தசம் ஒண்டு இல்ல. ஆறு தசம் ரெண்டு.

அருளப்பு: ஆறு எண்டோடன நோய் எண்டில்ல. சுரப்பி பெருத்தாலும் கூடுமாம், கிருமி தொத்தினாலும் கூடுமாம். வடிவாப் பாக்கோணும், அவ்வளவுதான்.

செய்னுலாப்தீன்: ஆறெல்லாம் வராது. நான் ஒழுங்காக் குடிக்கல்லியே. இவன் குடும்பத்தோட தலவில் கோயில் பெருநாளுக்குப் போயி இருபது நாள் அங்கேயே கெடந்தான். அந்த இருபது நாளும் யாரு எனக்குக் குளிசை தந்த?

அருளப்பு: அப்ப குடிக்கல்லியா நீ? உண்மையச் சொல்லு.

செய்னுலாப்தீன்: ...குடிச்சன்.

அருளப்பு: எங்கால?

செய்னுலாப்தீன்: தெரியா. சேர்ட் பைக்குள்ள கைய விட்டா எப்பவும் ஒண்டு ரெண்டு இருந்திச்சி. அல்லாஹ்ட பறக்கத் எண்டு நெனச்சி முழுங்கினன்.

ஹாஜரா: அந்தச் சேர்ட்டக் கழுவுறது நான். அருளப்பு அண்ணன், உங்கட பொஞ்சாதி மக்டலின் போன வருசமே எனக்கு எல்லாம் சொல்லிட்டா. பெருநாளுக்குப் போக முந்தி ரெண்டு அட்டை குளிசை என்ட கையில தந்துட்டுத்தான் போனா. மருமகளுக்கு முன்னால இவர்ட மானம் போகக் கூடாதெண்டு, ஒவ்வொண்டா வெட்டிப் பைக்குள்ள வெச்சது நான். ரத்தம் எடுத்த அண்டைக்கு இவருக்குப் பக்கத்துல வாயப் பொத்திக்கிட்டு நிண்டதும் நாந்தான்.

அன்று மாலையே தீர்மானம் எடுக்கப்பட்டது. செப்டெம்பர் 13, வியாழக்கிழமை, மூவரும் ஒன்றாகக் கிளினிக்குக்குச் செல்வர். குளிசையின் பெயரையும் குடித்த காலத்தையும் செய்னுலாப்தீனே வைத்தியரிடம் கூறுவார். அடுத்து எந்தப் பரிசோதனை என்பதை வைத்தியர் முடிவுசெய்வார். அதுவரை குளிசை தொடரப்படும். ஹாஜரா இவ்விடயத்தைத் தொலைபேசியில் ஸும்றாவுக்கு அறிவித்தார். மாமா வரும் நேரத்தில் தாம் மருந்தறைக்குச் சென்றுவிடுவதாக ஸும்றா கூறினார். அது வேண்டாம், மகள் தன் மேசையிலேயே இருக்கட்டும் என்று செய்னுலாப்தீன் பதில் சொல்லச் சொன்னார்.