கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

— சிரிக்காதே புள்ள. துண்டைத் தோள்ல போட்டாச்சு. இப்ப நான் உன் அண்ணி இல்ல, உன் புருஷன். கேளு.

— உங்க தம்பிக்கு மீசை இருக்கே, அண்ணி.

— மூஞ்சியைப் பார்க்காதே, குரலைக் கேளு. கூடப் பிறந்த அக்கா நான், அவன் தும்மினாக்கூட எதுக்குன்னு தெரியும். லாரியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள பேசிப் பழகிடு. இந்த மறுவாழ்வு இல்லத்துல போதை ஊசியையே விட்டுட்டே. ஆணுறை போடுங்கன்னு கேட்க மட்டும் நாக்கு ஒட்டிக்குதாக்கும்?

— ஊசியை விடுறது என் கையில இருந்துச்சு. இது அவர் கையில இருக்கே.

— அதான், துணி வெட்டுற மாதிரி ஒரே வெட்டா கேட்கணும். தயங்கினா பிசிறடிக்கும். ம், ஆரம்பி.

— ஏங்க... இனிமே உறை போட்டுக்கலாமா?

— என்னடி புதுசா? கட்டின பொண்டாட்டிகிட்ட எதுக்கு உறை?

— இங்க நர்ஸம்மா சொன்னாங்க...

— நர்ஸம்மாவா என்கூடக் குடும்பம் நடத்துறா?

— ஐயோ, அச்சு அசல் அவரேதான்!

— நடுங்காம மேல பேசு.

— இஷ்டமில்லன்னா... நான் தனியாப் படுத்துக்கிறேன்.

— அப்படிப் போடு! ஆனா உடனே குழைவான் பாரு. "குழந்தை வேணும்னு நீதானே தங்கம் கேட்டே?"

— கேட்டேன். கொஞ்ச நாள் போகட்டுங்க.

— ஓஹோ! ஊர் ஊரா வண்டி ஓட்டுறவன், கண்ட இடத்துல படுத்து எந்திரிச்சு வர்றான்னு சந்தேகமா?

— உங்க மேல சந்தேகமே இல்லீங்க.

— அட, அங்கதான் கோட்டை விடுறே! ஆமா, சந்தேகம்தான்னு சொல்லு. என் தம்பியா இருந்தா என்ன? அவன் சத்தியத்தை நம்பி உன் உடம்பைப் பணயம் வைக்காதே.

— துண்டை எடுக்காதீங்க, அண்ணி. அதையே அவர் மாதிரி இன்னொரு தடவை கேளுங்க.

— சரி, சரி. ஏண்டி, என் மேல சந்தேகம் இல்லன்னா பின்னே உறை எதுக்கு?

— நீங்க வண்டியில போயிருந்தப்ப, நானும் எதிர்வீட்டுக்காரியும் ஒரே ஊசியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம். இங்க ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. எனக்கு எச்.ஐ.வி. இருக்குங்க. மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. நீங்களும் பரிசோதனை பண்ணிக்கணும். உங்களுக்கு இல்லன்னா, என்னால வந்துடக்கூடாது.

— அடேயப்பா! பலே பொய்! மிரண்டு போய் அவனாவே போட்டுக்குவான். யாரு புள்ள சொல்லிக் குடுத்தா?

— பொய் இல்ல, அண்ணி. துண்டை எடுத்துடுங்க. அவரே படியேறி வர்றார்.